என்ன வேண்டும் என்றே தெரியாதபோது இலக்கு வைப்பது எப்படி?

இந்தக் கட்டுரை யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலை அறிவியல் கல்லூரியிலோ இன்ஜினியரிங்கிலோ படித்து முடித்து, கையில் டிகிரி இருந்தும், அடுத்து என்ன செய்ய ஆசை என்று கேட்டால் பதில் வராதவர்களுக்கு. டிஎன்பிஎஸ்சி படிக்கலாமா, பேங்க் எக்ஸாம் எழுதலாமா, எம்.எஸ்சி. சேரலாமா, கிடைத்த வேலைக்குப் போய்விடலாமா என்று மனசு நாலு பக்கமும் ஓடும். கடைசியில் எதையும் தொடங்காமலே அன்றைய பொழுது போயிருக்கும்.

கல்லூரி ஆசிரியராக இப்படிப்பட்ட பிள்ளைகளோடு நிறையப் பேசியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகள் இல்லை. எந்த குரூப் என்பதைப் பத்தாம் வகுப்பு மார்க் சொன்னது. எந்தக் கல்லூரி என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் சொன்னது. எந்த மாதம் எதைப் படிக்க வேண்டும் என்பதை செமஸ்டர் அட்டவணை சொன்னது. இருபத்தொரு வயது வரை எதையும் தானாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் சந்தர்ப்பமே வராத பிள்ளையிடம் திடீரென்று ‘உன் லட்சியம் என்ன?’ என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? தெரியவில்லை என்பதுதான் நேர்மையான பதில். அதற்காக யாரும் கூனிக் குறுகத் தேவையில்லை.

ஆனால் ‘லட்சியம் தெரியட்டும், அப்புறம் இலக்கு வைக்கலாம்’ என்று காத்திருக்காதீர்கள். அந்தக் காத்திருப்பில்தான் வருஷங்கள் போகின்றன. நான் பார்த்தவரை, உட்கார்ந்து யோசித்தே தன் வழியைக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. ஏதோ ஒன்றில் கை வைத்துப் பார்த்து, அதிலிருந்து தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம். எனவே உங்களுடைய முதல் இலக்கு, ‘எனக்கு எது ஒத்துவரும், எது வராது என்பதை இன்ன தேதிக்குள் தெரிந்துகொள்வேன்’ என்பதாக இருக்கட்டும். வாழ்க்கை முழுக்க என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. இலக்கு வைப்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் உண்டு. ‘முடிந்தவரை செய்’ என்பதைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தால் வேலை நன்றாக நடக்கும் என்று காட்டியவர்கள் அவர்கள்தான். அதே ஆராய்ச்சி வழியில் இன்னொன்றும் தெரியவந்தது. வேலை புதிது, சிக்கலானது, அதைப் பற்றி நமக்கு அறிவு போதாது என்னும்போது, ‘இவ்வளவு சாதிப்பேன்’ என்ற இலக்கைவிட ‘இதையெல்லாம் கற்றுக்கொள்வேன்’ என்ற இலக்குதான் நல்ல பலன் தருகிறது. கல்லூரியை விட்டு வெளியே வந்து வாழ்க்கையைத் தொடங்குவதைவிடப் புதிதும் சிக்கலுமான வேலை என்ன இருக்கிறது?

முதலில் காலமும் காசும்

பேனாவை எடுத்து ஆசைகளை எழுதுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்க்காமல் எத்தனை மாதம் ஓட்ட முடியும்? கல்விக்கடன் இருக்கிறதா, அதன் தவணை எப்போது தொடங்குகிறது? தங்கையின் படிப்புச் செலவு வரப்போகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் கனவு காணத் தொடங்கினால், மூன்றாவது வாரத்திலேயே வீட்டில் சண்டை வரும். அப்புறம் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

மூன்று மாதம் என்பது நல்ல அளவு. இரண்டு மூன்று விஷயங்களைச் செய்துபார்க்க அது போதும். வீட்டில் இருப்பவர்களும் அதுவரை பொறுத்துக்கொள்வார்கள். குடும்ப நிலைமை அதற்கும் இடம் கொடுக்காவிட்டால், ஏதாவது ஒரு வேலைக்குப் போய்க்கொண்டே மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் செய்துபாருங்கள். மூன்று மாதம் ஆறு மாதமாகும், அவ்வளவுதான். பில்லிங் கவுன்டரில் நின்றுகொண்டே தன் வழியைக் கண்டுபிடித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வேலைக்குப் போனால் மாதச் சம்பளம் மட்டும் இல்லை, ‘இந்த மாதிரி வேலை எனக்கு ஆகாது’ என்ற தெளிவும் சேர்ந்து கிடைக்கும். அதுவும் கணக்கில் சேரும்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது? ‘எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்’ என்று மொட்டையாகச் சொன்னால் எந்த அப்பாவுக்கும் பயம்தான் வரும். தேதியோடு சொல்லுங்கள்: “அப்பா, பொங்கல் வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அதுக்குள்ள இந்த மூணு விஷயத்தையும் நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன். ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் என்ன பார்த்தேன், என்ன தெரிஞ்சுதுன்னு உங்ககிட்ட சொல்றேன். பொங்கலுக்கு அப்புறம் ஒண்ணை எடுத்துக்கிட்டு அதுலயே உட்கார்ந்துடறேன்.” சொன்னபடி மாதக் கடைசியில் போய்ச் சொல்லவும் வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை உங்கள் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு இருக்காது.

‘வேண்டாம்’ பட்டியலில் தொடங்குங்கள்

‘உனக்கு எது பிடிக்கும்?’ என்ற கேள்வி, கேட்கச் சுலபமாக இருந்தாலும் பதில் சொல்லக் கஷ்டமானது. எது வேண்டாம் என்பதோ பெரும்பாலோருக்கு நன்றாகவே தெரியும். அதனால் அங்கிருந்து தொடங்கலாம்.

என் அக்கா மகள் திருப்பூரில் இருக்கிறாள். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இப்படித்தான் நின்றாள். “எனக்கு என்ன வேணும்னே தெரியலீங்க மாமா” என்றாள். “சரி கண்ணு, என்ன வேண்டாம்னு சொல்லு” என்றேன். பழைய ரெக்கார்டு நோட்டில் மீதியிருந்த வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தாள். நைட் ஷிப்ட் வேண்டாம். நாள் முழுக்க போனில் பேசுகிற வேலை வேண்டாம். சென்னையில் ஹாஸ்டலில் தங்குவது வேண்டாம். தன்னந்தனியாக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது வேண்டாம். ஒரே பாடத்தை வருஷா வருஷம் ஒப்பிக்கிற மாதிரி எதுவும் வேண்டாம். கையை நனைக்காத கெமிஸ்ட்ரி வேண்டாம். அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அவளே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தியரி வகுப்பில் தூங்கிவழிந்தவள் லேபில் டைட்ரேஷன் செய்த நாட்களில் மட்டும் உற்சாகமாக வீட்டுக்கு வந்தாள் என்று அக்கா சொன்னது அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது.

வேண்டாம் என்று எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கும். ‘தனியாக உட்கார்ந்திருப்பது வேண்டாம்’ என்றால் கூட நாலு பேர் இருக்கிற இடம் வேண்டும் என்று பொருள். தாளின் வலது பக்கத்தில் அதை எழுதுங்கள். தெரியாது என்று நினைத்தவருக்கும் பாதித் தாள் நிறைந்துவிடும்.

இதோடு இரண்டு வாரம் ஒரு சின்னக் குறிப்பு வைத்திருங்கள். தினமும் இரவு இரண்டே வரி: இன்று எதைச் செய்தபோது நேரம் போனதே தெரியவில்லை, எதைச் செய்தபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரீல்ஸ் பார்த்ததை இதில் சேர்க்க வேண்டாம், அதில் யாருக்கும் நேரம் தெரியாது. கல்யாண வீட்டில் பந்தி கவனித்தது, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, அப்பாவின் கடைக் கணக்கைச் சரிபார்த்தது, வண்டியைக் கழற்றி மாட்டியது, இப்படி உண்மையாக நடந்தவற்றை எழுதுங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள் நல்ல துப்புக் கொடுக்கும். சொந்தக்காரர்களும் நண்பர்களும் எந்த உதவிக்கு உங்களைத் தேடி வருகிறார்கள்? அப்புறம், யாரைப் பார்த்துப் பொறாமை வந்தது? பொறாமைப்பட்டதற்காக வெட்கப்பட வேண்டாம், அதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கூடப் படித்தவன் வங்கியில் சேர்ந்ததைப் பார்த்து வயிறு எரிந்தால், எரிச்சல் எதன் மேல்? அவன் செய்கிற வேலையின் மேலா, மாதம் பிறந்தால் வருகிற சம்பளத்தின் மேலா, ஊரில் அவனுக்குக் கிடைத்த மரியாதையின் மேலா? மூன்றும் வேறு வேறு ஆசைகள். மரியாதைதான் வேண்டும் என்றால் வங்கி ஒன்றுதான் வழி என்று இல்லையே.

இது யாருடைய ஆசை?

இப்போது மனதில் ஓடுகிற வழிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். குரூப் 4, அப்பா சொன்னது. பி.எட்., பெரியம்மா டீச்சர் என்பதால். ஐடி, ரூம்மேட் போனதால். இப்படி.

மற்றவர் சொன்னது என்பதற்காக எதையும் அடித்துவிட வேண்டாம். நம்மைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்களுக்கு நமக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரியும். அப்பா அரசு வேலை என்று சொல்வதற்குப் பின்னால் அவர் பட்ட கஷ்டம் இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “ஏன்ப்பா கவர்மென்ட் வேலைதான்னு சொல்றீங்க?” என்று சண்டைக் குரல் இல்லாமல் ஒரு முறை கேட்டுப்பாருங்கள். ‘மாசம் பொறந்தா கையில காசு வரணும், யார் கிட்டயும் போய் நிக்கக் கூடாது’ என்பதுதான் அவருடைய கவலை என்று தெரிந்தால், அந்தக் கவலையை வேறு வழியிலும் தீர்க்கலாம் என்று பேச இடம் கிடைக்கும்.

மூன்றுக்கு மேல் வேண்டாம்

பட்டியலிலிருந்து மூன்றை மட்டும் எடுங்கள். எடுக்கும்போது வயது வரம்பைப் பாருங்கள். பலர் இதைக் கடைசியில் பார்த்துவிட்டு வருந்துகிறார்கள். வங்கிகளுக்கான ஐபிபிஎஸ் கிளார்க் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் 28 வயது, அதிகாரி வேலைக்கான பி.ஓ. தேர்வுக்கு 30. சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் 32, அதிலும் ஆறு முறைதான் எழுதலாம். ஓபிசி பிரிவுக்கு 35 வயது, ஒன்பது முறை. மற்ற தேர்வுகளுக்கு அந்தந்த அறிவிக்கையில் உங்கள் பிரிவுக்கான வரம்பைப் பார்த்து எழுதிவையுங்கள். எம்.ஏ. படிப்பதற்கோ சொந்தமாகத் தொழில் தொடங்குவதற்கோ வயது தடையில்லை. எனவே இரண்டும் ஒரே அளவு பிடித்திருந்தால், வயது வரம்பு உள்ளதை முதலில் செய்துபாருங்கள்.

சின்னதாகச் செய்துபார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு வழியையும் பணம் கட்டிச் சேருவதற்கு முன்னால், செலவு குறைவாக, சில நாட்களிலோ சில வாரங்களிலோ முடிகிற மாதிரி செய்துபார்க்க வழி இருக்கிறது. கோச்சிங் சென்டரில் ஃபீஸ் கட்டியபின்தான் தெரிந்துகொள்வேன் என்று இருக்கத் தேவையில்லை.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழ்த் தகுதித் தேர்வு, அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மீதியைத் திருத்தவே செய்வார்கள். தேர்வாணையத்தின் தளத்திலேயே பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. ஒன்றை அச்செடுத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். மதிப்பெண் எவ்வளவு வந்தது என்பதைவிட முக்கியம், அடுத்த மூன்று வாரம் பள்ளிப் பாடப்புத்தகங்களைத் தினமும் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பது. ஆறாம் வகுப்பு வரலாற்றையும் தமிழையும் மறுபடி படிப்பது சிலருக்குப் பிரியமான வேலையாக இருக்கும், சிலருக்கு மூன்றாம் நாளே மூச்சு முட்டும். இரண்டு வருஷம் அதையேதான் செய்யப் போகிறீர்கள் என்பதால் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்புகள் நடக்கின்றன. அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்களிடம் எத்தனை வருஷமாகப் படிக்கிறீர்கள் என்று கேளுங்கள். கல்வித் தகுதியைப் பதிவு செய்யும் வேலையையும் அதே கையோடு முடித்துவிடுங்கள், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் குறித்துவையுங்கள்.

ஆசிரியர் வேலை என்றால், பி.எட். என்பது இரண்டு வருஷப் படிப்பு. சேருவதற்கு முன் ஒரு மாதம் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு மாலையில் டியூஷன் எடுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டால் ஒன்றும் தெரியாது. பெருக்கல் வாய்ப்பாடு வராத ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனாவது இருக்கட்டும். அவனுக்கு நாலாவது முறையாகச் சொல்லித்தரும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, வேறு விதமாகச் சொல்லிப்பார்க்கலாம் என்று தோன்றுகிறதா? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலை எந்த ஆப்டிட்யூட் டெஸ்டும் தராது.

கம்ப்யூட்டர் பக்கம் போகலாமா என்று யோசித்தால் என்பிடெல் ஆன்லைன் பாடங்களைப் பாருங்கள். ஐஐடிக்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியவை. படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். நான்கு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பாடங்கள் உண்டு. முதல் முறை நான்கு வாரப் பாடத்தோடு நிறுத்துங்கள். வீடியோ பார்ப்பதோடு விடாமல் ஒவ்வொரு வார அசைன்மென்டையும் செய்யுங்கள். புரோகிராம் ஓடாமல் எரர் காட்டும்போது அதோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டத் தோன்றுகிறதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

ஆடு வளர்ப்பு, தையல், போட்டோகிராபி, சின்னத் தொழில் என்று எண்ணம் இருந்தால் உங்கள் மாவட்டத்தில் உள்ள ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தை விசாரியுங்கள். வங்கிகள் நடத்துபவை, பயிற்சியும் சாப்பாடும் இலவசம், குறுகிய காலப் பயிற்சிகள். விவசாயம் சார்ந்தது என்றால் வேளாண் அறிவியல் நிலையம். கம்பெனி வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க, 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி டிகிரி முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு ஒரு வருஷப் பயிற்சி உண்டு. தென் மாநிலங்களுக்கு அதைக் கவனிக்கிற வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

என் அக்கா மகள் எடுத்துக்கொண்ட மூன்றில் ஒன்று சாயப்பட்டறை லேப். தெரிந்தவர் மூலம் ஒரு டையிங் யூனிட்டில் சில நாள் கூட இருந்து பார்க்க அனுமதி கிடைத்தது. அங்கே அவள் பார்த்த வேலை இது: வாங்குபவர் அனுப்பிய ஒரு துண்டுத் துணியின் நிறம் அப்படியே வர வேண்டும். வெள்ளைத் துணியைச் சின்னதாக வெட்டி, எடை போட்டு, சாயக் கரைசல்களை பிப்பெட்டால் அளந்து, மெஷினில் போட்டு, எடுத்துக் கழுவிக் காயவைத்து, லைட் பாக்ஸுக்குள் அந்த மாதிரித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பகல் வெளிச்ச விளக்கில் பொருந்தி நின்ற நிறம், கடை விளக்குக்கு மாற்றியதும் லேசாகச் செம்மை தட்டும். மறுபடி முதலிலிருந்து. “சிவப்பை ஒரு சொட்டு கொறைச்சா சரியா வரும்னு எனக்கே தெரிஞ்சுதுங்க மாமா” என்று அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னாள். குரலிலேயே தெரிந்தது. அதே சமயம், அந்த யூனிட்டில் சீசன் நேரத்தில் நைட் ஷிப்டும் உண்டு என்று கேட்டுவந்து அதையும் நோட்டில் எழுதினாள். எழுதியதால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடிந்தது: இதே வேலை, நைட் ஷிப்ட் இல்லாமல் எங்கே இருக்கும்? சாயம் விற்கும் கம்பெனிகளின் லேப், துணிகளைப் பரிசோதிக்கும் லேப் என்று அவளுக்கு இரண்டு புதிய வழிகள் தெரிந்தன. வீட்டில் உட்கார்ந்து யோசித்திருந்தால் இப்படிப்பட்ட வேலைகள் இருப்பதே தெரிந்திருக்காது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் க்ரம்போல்ட்ஸ், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1999இல் இதைத்தான் எழுதினார். மனிதர்களின் தொழில் வாழ்க்கையில் எதிர்பாராமல் வருகிற சந்தர்ப்பங்களுக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் வெளியே போய் ஆர்வத்தோடு எதையாவது செய்துகொண்டிருப்பவருக்குத்தான் அவை கண்ணில் படும் என்பது அவர்களுடைய கருத்து.

ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவரைச் சந்திக்கும்போது என்ன கேட்பது என்று பல பிள்ளைகள் தயங்குகிறார்கள். ‘இந்த ஃபீல்டு எப்படி சார்?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கும்ப்பா’ என்று முடித்துவிடுவார். இப்படிக் கேளுங்கள்: “நேத்து காலையில ஆபீஸ் வந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க சார்? இதுல உங்களுக்குச் சலிப்பு தட்டறது எது? உங்களோட சேர்ந்தவங்க யாராவது விட்டுட்டுப் போனாங்களா, ஏன் போனாங்க? அஞ்சு வருஷம் கழிச்சு இந்த வேலையில என்ன மாறும்?” வேலை கேட்டுப் போகாமல் தெரிந்துகொள்ளப் போகிறவரை விரட்டுகிறவர்கள் ரொம்பக் குறைவு. இருபது நிமிஷம் கேட்டுப் போய், இருபது நிமிஷத்தில் எழுந்துவிடுங்கள். மறுநாள் ஒரு நன்றி மெசேஜ் அனுப்புங்கள்.

இலக்கை எப்படி எழுதுவது?

ஜார்ஜ் டோரன் என்பவர் 1981இல் ஒரு நிர்வாக இதழில் எழுதிய, ஐந்து நிபந்தனைகளோடு இலக்கு வைக்கும் ‘ஸ்மார்ட்’ முறையைக் கல்லூரி வகுப்புகளில் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அது கம்பெனி மேலாளர்களுக்காக எழுதப்பட்டது. போகும் இடம் தெரிந்தவர்களுக்கு அது பொருத்தம். நம்முடைய நிலைமைக்கு அதிலிருந்து இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்: எதைச் செய்வேன் என்ற தெளிவு, எப்போது முடிப்பேன் என்ற தேதி.

அதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேருங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், இலக்கை எழுதும்போதே எப்போது, எங்கே செய்வேன் என்பதையும் சேர்த்து முடிவு செய்பவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம் என்று காட்டியிருக்கிறார். ‘தினமும் படிப்பேன்’ என்று எழுதாதீர்கள். ‘சாயங்காலம் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்ததும் நேராகக் கிளை நூலகத்துக்குப் போய், அது மூடும் வரை படிப்பேன்’ என்று எழுதுங்கள். நடுவில் என்ன தடை வரும் என்பதும் உங்களுக்கே தெரியும். அதையும் எழுதுங்கள்: ‘நண்பர்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டால், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்வேன்.’

முழுதாக ஒரு உதாரணம்: ‘வருகிற 30ஆம் தேதிக்குள் வங்கி வேலை எனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்வேன். இதற்காக இரண்டு வங்கி ஊழியர்களிடம் பேசுவேன், கிளார்க் தேர்வின் மாதிரித் தாள் நான்கை நேரம் வைத்து எழுதுவேன். செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்கு, மாடி அறையில்.’ இதில் ‘வங்கி வேலையில் சேர்வேன்’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதி வரும்போது ‘ஒத்துவராது’ என்ற பதில் கிடைத்தாலும் இந்த இலக்கு நிறைவேறியதுதான். தோற்றுவிட்டோம் என்ற எண்ணம் வராமல் அடுத்ததற்குப் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

வாரம் ஒரு முறை நோட்டைத் திறந்து, திட்டமிட்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று எழுதுங்கள். ஒரே விஷயம் தொடர்ந்து மூன்று வாரம் தள்ளிப்போனால் அதற்குக் காரணம் இருக்கும். இலக்கு பெரிதாக இருக்கலாம், அப்போது பாதியாக்குங்கள். அல்லது அது உங்களுக்குப் பிடிக்காததாகவே இருக்கலாம். இரண்டில் எது என்று பார்க்க, அதே வேலையில் பத்தே நிமிஷத்தில் முடிகிற ஒரு துண்டைச் செய்துபாருங்கள். அதுவும் கசந்தால் பதில் தெரிந்துவிட்டது.

எப்போது நிறுத்துவது என்பதையும் இப்போதே எழுதுங்கள்

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போட்டித் தேர்வில் இறங்கிய பிள்ளைகளில் திறமைசாலிகளையும் உழைப்பாளிகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு மார்க்கில் போனது, அடுத்த முறை கிடைத்துவிடும் என்று ஒவ்வொரு வருஷமாக முப்பதைத் தொட்டுவிடுகிறார்கள். நடுவில் நின்று யோசிக்க அவர்களால் முடிவதில்லை. இவ்வளவு வருஷம் போட்டுவிட்டோமே என்ற எண்ணம் விடாது. அதனால்தான் தொடங்கும்போதே, மனம் தெளிவாக இருக்கும்போதே, நிறுத்தும் விதியை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

விதி இப்படி இருக்கலாம்: ‘இரண்டு முறை எழுதுவேன். இரண்டாவது முறை கட்-ஆஃபுக்குப் பத்து கேள்விக்குள் வந்தால் மூன்றாவது முறை, ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே. இல்லையென்றால் இந்த வழியை விடுவேன்.’ எண்கள் உங்கள் விருப்பம். எண் என்று ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். படிப்பு வீணாகாது. குரூப் தேர்வுக்குப் படித்த கணக்கும் பொது அறிவும் ரயில்வே, எஸ்எஸ்சி தேர்வுகளுக்கும் கைகொடுக்கும். விட்ட பிறகு எதை எடுப்பீர்கள் என்பதையும் அதே தாளில் ஒரு வரி எழுதிவிட்டால், நிறுத்துவது அவ்வளவு பயமாக இருக்காது.

கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்ட வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த எழுத்து இன்னும் அவசியம். ‘படிக்கிறேன்’ என்று மட்டும் சொன்னால் வருகிற வரன்களைத் தள்ளிவைக்க அம்மாவால் முடியாது. ‘இந்த மாதம் இந்தத் தேர்வு, இந்த மாதம் முடிவு வரும், அதுவரை பேச்சு வேண்டாம்’ என்று தேதியோடு தாளில் இருந்தால், சொந்தக்காரர்களிடம் சொல்ல அம்மாவுக்கும் ஒரு பிடி கிடைக்கும். வீட்டில் உங்கள் பக்கம் பேசுகிற சித்தியோ அத்தையோ ஒருவர் இருப்பார். முதலில் அவரிடம் காட்டுங்கள்.

எதிலுமே மனம் ஒட்டவில்லை என்றால்

முன்பு பிடித்திருந்தவைகூட இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டன, வாரக்கணக்கில் இப்படியே இருக்கிறது என்றால் அது இலக்கு இல்லாததால் வந்த பிரச்சினையாக இருக்காது. நோட்டை மூடிவையுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. உடம்பு சரியான பிறகு இந்த வேலையைத் தொடரலாம், இது எங்கேயும் போய்விடாது.

மூன்று மாத முடிவில்

மூன்று வழிகளையும் செய்துபார்த்தபின் ஒரு முழு நாள் ஒதுக்கி நோட்டை முதலிலிருந்து படியுங்கள். ஒவ்வொரு வழிக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் தினசரி வேலை எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்ததா? இதில் கிடைக்கும் வருமானம், நான் முதலில் போட்ட வீட்டுக் கணக்குக்குப் போதுமா? இரண்டுக்கும் ஆமாம் வருவது ஒன்று இருந்தால் அதை ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்க என்று சத்தியம் செய்ய வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மற்ற இரண்டையும் தொடாமல் இருப்பேன் என்பது போதும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருந்தால் எதிலும் ஆழமாகப் போக முடியாது.

இரண்டு வழிகள் சமமாக நின்றால், வேண்டாம் என்று சொன்ன பிறகு திரும்பி வர முடியாதது எதுவோ, அதை முதலில் எடுங்கள். மூன்றுமே ஆகாது என்று தெரிந்தால், பட்டியலில் மிச்சம் இருப்பவற்றிலிருந்து புதிதாக மூன்று. இந்த முறை உங்கள் ‘வேண்டாம்’ பட்டியல் நீளமாகியிருக்கும், அதனால் தேர்வு சீக்கிரம் முடியும். அந்த ஒரு வருஷத்துக்கு இலக்கு எழுதும்போதுதான் மதிப்பெண், சம்பளம், எத்தனை அப்ளிகேஷன் என்று எண்களை வைக்கத் தொடங்க வேண்டும். மாதத்தின் கடைசி ஞாயிறு அப்பாவிடம் சொல்கிற வழக்கத்தை மட்டும் அப்போதும் விட்டுவிடாதீர்கள்.